கோடு போடாத முகம்

செவ்வாப்பேட்டை
10-2-1974

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாக்கியநாதன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுதவும். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். கோயிலுக்கு நடந்தால் வலிக்கிறது, பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் கதை பேச நடந்தால் வலிப்பதில்லை.

ஒரு சேதி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். நம் படக்கதைக் கருடமுகனை இனி நான்தான் வரையப் போகிறேன்.

கோபால் சாருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. மகன் வீட்டோடு வேலூருக்குப் போய்விட்டார். இத்தனை வருஷமும் அவர் வரைகிற படத்துக்கு நான் அரண்மனைத் தூணும் மரமும் மேகமும் போட்டுக்கொண்டிருந்தேன். 'கிலுகிலுப்பை' ஆசிரியர் வரதன் சார் போன வாரம் கூப்பிட்டு, "பத்திரிகை விற்பனை படுத்துடுச்சு. கருடமுகனை வெச்சு புதுசா ஏதாவது பண்ணு" என்றார்.

அன்று ரயிலில் வரும்போது எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த 'கிலுகிலுப்பை'யாகப் பொறுக்கி வருவோம். கடைசிப் பக்கம் எப்போதும் இருக்காது. கதை எப்படி முடிந்திருக்கும் என்று நீதான் சொல்வாய். சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் கருடமுகம் செய்தவளும் நீதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டவன் பச்சையப்பன். "பொம்பளப் புள்ள கருடமுகனாவா ஆவும்? நீ குதிரையா இரு" என்று உன் முதுகில் ஏறிக்கொண்டான். வாய்க்கால் மதகைத் தாண்டும்போது இருவரும் விழுந்தீர்கள். கருடமுகன் ஓவென்று அழுதான். புருவம் கிழிந்து இரத்தம் வழிய, குதிரைதான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தது. நான் பின்னாலேயே வந்தேன். அதை நான் மறக்கவில்லை அக்கா.

புதுக் கதை இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது. ராஜகுமாரன் விஜயதரன் மலை உச்சியில் முகமூடியைக் கழற்றி வைக்கிறான். வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். யாரென்று சொல்லமாட்டேன். வந்ததும் முகத்தை நன்றாகப் பார். பார்த்துவிட்டு எழுது.

உன் அன்புத் தம்பி
பாக்கியம்


புதுவாயல்
3-3-1974

அன்புத் தம்பி பாக்கியத்துக்கு,

அக்கா கிரேஸின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் நலம். உன் மாமா சின்னராசுவுக்கு லாரி ஷெட்டில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது எனக்கே புதிதாக இருக்கிறது. அம்மாவின் காலுக்கு இங்கே ஒரு தைலம் விற்கிறார்கள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை ஆணிக் கம்பெனி முழுக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் பொட்டலப் பிரிவில் எல்லோரும் பெண்கள். கூட்டுரோடு பெட்டிக்கடையில் ஒரே ஒரு 'கிலுகிலுப்பை' வாங்குவோம். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் நான் படிக்க, மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். அப்புறம் இதழ் ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போகும். "எந்தம்பிதான் வரையுறான்" என்று சொல்லும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

ஆனால் கோபித்துக்கொள்ளாதே. புது இதழைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. இது என்னடா கூத்து. ராஜகுமாரன் இருந்த இடத்தில் ஒரு செங்கல் சூளைப் பெண்ணா? செல்லி என்று ஒரு பெயர். காலில் செருப்பில்லை, தலையில் சும்மாடு, கரிக்கட்டை நிறம். கருடமுகத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறாள். நீ சொன்னபடி முகத்தை நன்றாகத்தான் பார்த்தேன். தினமும் புதுவாயல் சாலையில் பார்க்கிற முகம்தானே, இதற்கு எதற்குப் படக்கதை?

இது உன் யோசனையாக இருக்காது, அந்த ஆசிரியர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவருக்கே ஒரு கார்டு போட்டேன். "ஐயா, கருடமுகம் என்றால் ஒரு லட்சணம் வேண்டும். செங்கல் சுமக்கிற இந்தக் கூலிக்காரியை எங்கே பிடித்தீர்கள்? எங்கள் ராஜகுமாரனைத் திருப்பித் தாருங்கள். இப்படிக்கு ஆணிக் கம்பெனிப் பெண்கள்" என்று எழுதினேன். உன் அக்கா என்று காட்டிக்கொள்ளவில்லை, பயப்படாதே. அங்காளம்மாள் மட்டும், "எம்பேர அதுல சேக்காத" என்றுவிட்டாள். அவள் பழவேற்காட்டுப் பக்கத்து மீன்காரப் பெண். எதற்கும் ஒத்து வரமாட்டாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா
கிரேஸ்


செவ்வாப்பேட்டை
28-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் சுகம். அங்கே சுகம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். வெயிலும் அதிகம்.

ஏன் வேலை அதிகம் என்று சொல்கிறேன். எங்கள் பத்திரிகையில் உள்பக்கம் எல்லாம் கருப்பு மசி மட்டும்தான், உனக்குத் தெரியும். தாள் வெள்ளை. ஆகையால் வெள்ளை முகம் வரைய நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கண், மூக்கு, வாய் போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டால் அதுவே ராஜகுமாரன். கருத்த முகம் என்றால் கன்னம், நெற்றி, கழுத்து, கை எல்லாவற்றுக்கும் மெல்லிய நிப்பால் கோடு கோடாக இழுக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் அச்சடிக்கிற பிளாக்கில் மசி அப்பிக்கொள்ளும், அகட்டிப் போட்டால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். கோபால் சார் கதையில் கருப்பாக இருந்தவர்கள் திருடர்கள் மட்டும்தான். அவர்களையும் அவர் முதுகைக் காட்டி நிறுத்திவிடுவார்.

செல்லியின் முகத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போகிறது. எனக்கு அது சிரமமாக இல்லை.

வாசகர் கடிதம் கட்டுக்கட்டாக வருகிறது. ஒருவர், அவள் பறப்பதைப் பார்த்தால் காக்கை பறப்பது போலிருக்கிறது என்கிறார். இன்னொருவர், பெண் பறந்தால் கீழே நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். திருநின்றவூரிலிருந்து ஒரு பெரியவர், பத்து வருஷமாகச் சேர்த்த இதழ்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாராம். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவரும் நம்மைப் போல ஆசையாகச் சேர்த்திருப்பார்.

உன் கார்டும் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார்.

அன்புடன்
பாக்கியம்


புதுவாயல்
2-6-1974

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் ஏன் இப்படிச் சுருங்கிப்போய் வந்தது? அக்கா மேல் கோபமா? எதுவாக இருந்தாலும் திட்டி எழுது. சும்மா இருக்காதே.

இங்கே சாப்பாட்டு வேளையில் தினமும் பஞ்சாயத்துதான். பாதிப் பேர் என் கட்சி. அங்காளம்மாள் தனிக் கட்சி. செல்லி ஏரியில் வலை வீசிப் படகைப் பிடித்து நிறுத்தினாளே, அந்த இதழை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தரவே இல்லை. "கையி சரியா வெச்சிருக்கா பாரு. உன் ராசா மவன் வலய கண்டானா? இன்னாத்துக்கு எப்பவும் அவனே வந்து காப்பாத்திகினு இருக்கணும்?" என்று என்னைக் கேட்கிறாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அப்பா செத்த வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திச் சூளைக்கு அனுப்பினார்கள். செங்கல் சுமந்து நடக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பேன். வெள்ளை உடையும் கருட முகமுமாக அவன் இறங்கி வருவான் என்று. நம் காலனிக்கு எந்த ராஜகுமாரனும் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் பாரம் இறங்கியது. இப்போது நீ அவனை எடுத்துவிட்டு அதே சூளையை என் முன்னால் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் அந்தக் கார்டு.

மாம்பழம் வாங்கி அம்மாவுக்குக் கொடு. நீயும் சாப்பிடு.

அக்கா
கிரேஸ்


செவ்வாப்பேட்டை
14-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மாம்பழம் வாங்கிக் கொடுத்தேன். அம்மா பாதியைச் சம்பூர்ணம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

உன் மேல் கோபம் இல்லை. நீ சூளையில் வானத்தைப் பார்த்த விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஆசிரியர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார். இரண்டில் ஒன்று செய்யச் சொல்கிறார். செல்லியை இப்போதே சாகடித்துவிட்டு ராஜகுமாரனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அவள் இருக்கலாம், ஆனால் முகத்துக்குக் கோடு போடக் கூடாது. "நீ ஒண்ணும் புதுசா செய்ய வேணாம்யா. சும்மா விட்டுடு, அது போதும்" என்றார். கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

பாக்கியம்


செவ்வாப்பேட்டை
4-8-1974

கிரேஸ் அக்காவுக்கு, பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் எழுதுவது. உங்கள் அம்மா ஞானம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன்டி கிரேசு, நல்லா கீறியா? மாப்ள நல்லா கீறாரா? எனக்கு ஒண்ணும் இல்ல, காலுதான். உன் தம்பி சரியா துன்றதில்ல. வேலவுட்டு வந்தா செவுத்தயே பாத்துகினு குந்திகினு கீறான். இன்னாடா பேஜாருன்னு கேட்டா ஒண்ணுமில்லன்றான். அப்பால நேத்து சொன்னான். நீ இன்னாவோ கார்டு போட்டியாமே. அத அந்த ஆபீசரு இவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, 'கூலி வேல செய்ற பொம்பளைங்களே வேணான்றாங்க பாரு'ன்னு சொன்னாராம். அது எங்க அக்கா கையெழுத்துன்னு இவன் வாயே தொறக்கல.

எனக்குப் படிக்கத் தெரியாது. படம் பாக்கத் தெரியும். அவன் பெட்டியில கீற படத்த எட்த்துப் பாத்தேன். அது நீதான்டி. புருவத்துல மதகுல உழுந்த தழும்பு கூட அப்படியே கீது. பெத்தவளுக்குத் தெரியாதா? உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நீ இன்னா கண்ணாடியே பாக்கறதில்லயா?"

இவ்வளவுதான் சொன்னார். இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை எழுத வேண்டாம் என்கிறார்.

சம்பூர்ணம்


புதுவாயல்
11-8-1974

என் தம்பிக்கு,

நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா சம்பூர்ணத்தை விட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அளவு. வகிடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். அம்மாவின் கடிதம் வந்த அன்று, அந்தக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து, பக்கத்தில் அந்தப் பழைய இதழையும் வைத்துப் பார்த்தேன். அங்காளம்மாள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வந்தேன். கொடுக்கும்போதே கேட்டாள், "இப்பத்தான் தெரிஞ்சிதா? ஒனக்குத் தெரிஞ்சே திட்டுறேன்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம்." என் கட்சியில் இருந்தவர்களுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பாக்கியம், அந்தக் கார்டில் நான் எழுதியதை நீ தினமும் நினைத்துக்கொண்டிருந்திருப்பாய். லட்சணம் இல்லாதவள், கூலிக்காரி. வேறு யாராவது என்னை அப்படிச் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். என்னை நானே சொல்லிக்கொண்டு முத்து முத்தாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்று முழுக்க அழுதேன். உன் மாமா என்ன என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். "ஆமா, நீதான். மொதல்லயே பாத்தேன். உனக்குப் புடிக்கலன்னு சொன்னியா, சரின்னு உட்டுட்டேன்" என்கிறார். இவரை என்ன செய்வது.

கோடு போடாமல் விடாதே. ஆசிரியருக்கு வேறு கார்டு போட்டிருக்கிறேன். மற்ற பெண்களும் போட்டிருக்கிறார்கள், அங்காளம்மாளும் கைநாட்டு வைத்திருக்கிறாள்.

உன் அக்கா


செவ்வாப்பேட்டை
8-9-1974

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கார்டுகள் வந்து சேர்ந்தபோது பக்கங்கள் பிளாக்குக்குப் போய்விட்டன. இந்த வெள்ளிக்கிழமை இதழ் உன் கைக்கு வந்திருக்கும். நீ திறந்து பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன், முடியவில்லை.

நான் கோடு போடவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் செல்லி அந்த வாரமே செத்திருப்பாள். சாவதைவிட வெள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. எப்போதும் போகிற ரயிலுக்கு முந்தைய ரயிலில் வீட்டுக்கு வந்தேன். வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஒரு முகத்தைத் துடைத்துவிட்டு வருகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அது நீதான் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீயே பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். அந்தச் சிமெண்டுக் காகித முகமூடியை ஒரு தடவையாவது உன் தலையில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. அப்போது பச்சையப்பனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது ஆசிரியரிடமும் இல்லை.

புருவத் தழும்பை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அச்சில் மசி தெறித்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாக்கியம்


புதுவாயல்
22-9-1974

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமே இருக்க வேண்டும் நீயும். புக் போஸ்டில் ஒரு பொட்டலம் வரும், பத்திரமாக வாங்கிக்கொள்.

வெள்ளைச் செல்லி வந்த இதழை எங்கள் மேசையில் விரித்தோம். நான்தான் படிக்க ஆரம்பித்தேன். அப்போது அங்காளம்மாள் இதழை என் கையிலிருந்து பிடுங்கி, ஆணிப் பெட்டியில் அளவு எழுதுகிற பென்சிலை எடுத்து, செல்லியின் கன்னத்தில் கோடு இழுக்க ஆரம்பித்தாள். பேனா பிடிக்காத கை, வலை பின்னுகிற கை. நீ சொன்ன மாதிரி நெருக்கவும் இல்லை, அகட்டவும் இல்லை. ஒரு படத்தை முடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவளும் ஒரு படத்துக்குப் போட்டாள். அன்றைக்குச் சங்கு ஊதியும் யாரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி வந்து கத்தினார், அவருக்கும் ஒரு படத்தைக் காட்டினோம், முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

இதழ் வழக்கம்போல வீடு வீடாகப் போனது. போன இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு ஏறியது. சிலர் கோணல்மாணலாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் கண் மையால் தீட்டியிருக்கிறாள், கையில் ஒட்டும், பார்த்துத் திருப்பு. கடைசிப் பக்கத்தில் அவள் கருடமுகத்தைத் தூக்கிவிட்டுச் சிரிக்கிற பெரிய படத்தை எனக்காக விட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே போட்டேன். தழும்புக்கு மட்டும் என் பென்சில் தேவைப்படவில்லை.

நீ வெட்கப்படாதே. நீ விட்ட இடத்தில் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

பச்சையப்பன் இப்போது ஆவடியில் இருக்கிறான் என்று கேள்வி. பார்த்தால், குதிரைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அக்கா
கிரேஸ்


செவ்வாப்பேட்டை
6-10-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. எல்லோரும் சுகம்.

அதை ஆசிரியர் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். விரலில் மை ஒட்டியதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி மலரில் ராஜகுமாரன் திரும்புவது முதலாளி உத்தரவு, அதை மாற்ற முடியாது என்றார். அதுவரை மிச்சமிருக்கிற வாரங்களுக்கு என் இஷ்டம் என்றார். நான் அன்றைக்கே கோடு போட ஆரம்பித்துவிட்டேன். பழையபடி கடைசி ரயில்தான். உட்கார இடமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். பழைய இதழில் நான் போட்ட கோடு எவ்வளவு நேர்த்தி. இதில் ஒன்றுகூட நேராக இல்லை. அம்மா கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உன் பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"இப்பத்தான்டா எம்பொண்ணு மாரியே கீறா" என்றாள்.

உன் அன்புத் தம்பி
பாக்கியம்